ஏறுவதற்கு மட்டுமான சாலை

இலங்கை மலையகத்தில், ஹட்டன் கடைத்தெருவில் என் மாமனாரின் இரும்புக்கடைக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது மாமா இல்லை, அந்த மோட்டார் சைக்கிள்தான். பெயின்ட் வாளிகளுக்கும் தண்ணீர்க் குழாய்களுக்கும் நடுவில் சாக்கு விரித்து அதன்மேல் நிறுத்தியிருந்தார்கள். கருநீல நிறம். பந்தயத்தில் ஓடும் வண்டிகளைப் போல முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி நின்றது. அதை விற்க வைப்பதற்காகத்தான் நான் நான்கு வயது மகனோடு திருச்சியிலிருந்து வந்திருந்தேன்.

வண்டி கவிதாவுடையது. கவிதா என் கணவரின் தங்கை. இருபத்தொன்பது வயது. அப்பாவோடு சேர்ந்து கடையைப் பார்த்துக்கொள்கிறாள். என் கணவர் ஹட்டனில் பிறந்தவர். படிக்கத் திருச்சிக்கு வந்து, வேலை கிடைத்து, என்னையும் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார். இலங்கையில் வாகன இறக்குமதி பல வருடம் நின்றிருந்து மறுபடி திறந்ததும் கவிதா இந்த வண்டியை வாங்கினாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை. "நான் சொன்னா சண்டைல முடியும். நீ டீச்சர், நீ சொன்னா கேப்பா. லீவுதானே, போய்ட்டு வா" என்றார். போனில் சொல்ல முடியாததை நேரில் சொல்லிவிட முடியும் என்று ஏன் நினைத்தேன் என்று கொழும்பில் இறங்கி ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன்.

அந்த ரயில் ஹட்டனுக்குச் சற்று முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. மரம் விழுந்துவிட்டது என்றார்கள். திருச்சியில் வண்டி நின்றால் பத்து நிமிடத்தில் ஆளாளுக்கு இறங்கித் தண்டவாளத்தைப் பார்க்கப் போய்விடுவோம். இங்கே யாரும் எழுந்திருக்கவில்லை. எதிரில் இருந்த சிங்கள அம்மா என் மகன் நகுலனுக்கு ஒரு மாண்டரின் ஆரஞ்சை உரித்துக் கொடுத்தார். நான் அதை வாங்கி, விதை இருக்கிறதா என்று ஒவ்வொரு சுளையாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். அவர் பக்கத்தில் இருந்த இளைஞனிடம் ஏதோ சொன்னார். அவன் தமிழில் சொன்னான்: "முதல் புள்ளயான்னு கேக்குறாங்க."

ஆமாம் என்றேன். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஏதோ சொன்னார். "ரெண்டாவது புள்ளைக்கு விதை எல்லாம் பாக்க மாட்டீங்களாம்" என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் மிச்சச் சுளைகளைப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

அன்று இரவு தேங்காய் ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டசம்பலும், பருப்பும் சாப்பிட்டோம். பிறகு இஞ்சி போட்ட பிளேன்டீ. பால் இல்லாத தேநீரை ஒரு கையிலும், சீனியை இன்னொரு உள்ளங்கையிலும் வைத்து நக்கி நக்கிக் குடிக்கிறார்கள். நகுலன் தேநீரை விட்டுவிட்டுச் சீனியை மட்டும் முடித்தான். கவிதா அவனை மடியில் வைத்துக்கொண்டு, "வண்டி பாத்தியா தங்கம்? அத்தையோட வண்டி" என்றாள். மாமா சீனி டப்பாவை மூடி உள்ளே எடுத்துப் போனார். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வதா, சம்மதம் என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை கவிதா, "வாங்க அண்ணி, ஒரு எடம் காட்டுறேன்" என்று ஒரு ஹெல்மெட்டை நீட்டினாள். தனியாகப் பேச நல்ல சந்தர்ப்பம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நகுலனை மாமாவிடம் விட்டேன். ஆணி டப்பாக்களை அவன் கைக்கு எட்டாத தட்டுக்கு மாற்றினேன். அவசரத்துக்குக் கூப்பிட என்று போன் நம்பரை ஒரு அட்டையில் எழுதி மேசையில் வைத்தேன். மாமா அதை எடுத்துப் படித்துவிட்டு, "என் நம்பரேதாம்மா இது" என்றார்.

அந்த வண்டியின் பின்னிருக்கை உள்ளங்கை அகலம். கவிதாவின் முதுகுக்கு மேலே ஏதோ கிளையில் உட்கார்ந்த மாதிரி இருந்தேன். தலவாக்கலை தாண்டி திம்புள்ளப் பக்கத்துத் தோட்டங்களுக்குள் போனோம். இரண்டு பக்கமும் வெட்டிவிட்ட தேயிலை, நடுவில் வளைந்து ஏறும் ஒற்றைத் தார்ச்சாலை. தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று பிறகு கவிதா கேட்டுக்கொண்டாள், அதனால் எழுதவில்லை.

"இதுதான் அண்ணி பந்தய ரோடு" என்றாள்.

பந்தயத்துக்கென்று தனியாகப் போட்ட சாலை இல்லை அது. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரியும் பஸ்ஸும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போகிற சாலை. ஏப்ரல் மாதம், நுவரெலியாவில் கூட்டம் கூடும் நாட்களில், ஒரு நாள் மட்டும் இதை இரண்டு முனையிலும் அடைத்து விடுகிறார்கள். காரும் மோட்டார் சைக்கிளும் ஒவ்வொன்றாகக் கீழிருந்து மேலே ஏறும். யார் குறைந்த நேரத்தில் ஏறுகிறார்கள் என்பதுதான் போட்டி. கீழே சாலையின் குறுக்கே வெள்ளைக் கோடு மங்காமல் இருந்தது. பந்தயம் முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

கவிதா மெதுவாக ஏறினாள். இங்கே வளைவை முடக்கு என்கிறார்கள். ஒவ்வொரு முடக்குக்கும் பெயர் உண்டு. கோயில் முடக்கு. பைப் முடக்கு. ஒரு பல் மருத்துவர் காரோடு தேயிலைக்குள் இறங்கிவிட்டதால் பல்டாக்டர் முடக்கு. "சின்னதுல நானும் அண்ணனும் வருசா வருசம் வந்துருவோம். லயத்துப் புள்ளைங்களோட மலைல உக்காந்து பாப்போம். அண்ணன் சொல்லலையா?" என்றாள்.

சொல்லவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். ஒரு நாளும் சொன்னதில்லை.

மறுபடி கீழே வந்து வெள்ளைக் கோட்டில் நின்றாள். ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கி, ஹாரனை இரண்டு முறை அடித்தாள். மேலே சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"என்ன கவிதா, பின்னால மூட்டையா?" என்று ஒரு குரல் இறங்கி வந்தது.

"மூட்டை இல்லக்கா, அண்ணி. திருச்சிலருந்து."

"அப்ப பாத்து ஏத்து. இந்தியா சாமான். ஒடைஞ்சா இங்க பார்ட்ஸ் கெடைக்காது."

அது பார்வதி அக்கா. அந்தப் பெண்களுக்குக் கங்காணி, வேலையை மேற்பார்க்கிறவர். மலையில் நிற்கிறவர்களுக்குச் சாலை முழுதும் தெரியும். சாலையில் இருப்பவருக்கு அடுத்த முடக்கு மட்டும்தான். பந்தய நாளில் ஆடு, நாய், பிள்ளைகள் எதுவும் குறுக்கே வராமல் பார்த்து, முடக்குக்கு முடக்குக் குரல் கொடுப்பது லயத்து ஆட்களின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களின், வழக்கமாம். அதே வழக்கத்தைக் கவிதாவுக்காகச் சாதாரண நாளிலும் செய்தார்கள். கீழ் நிரையில் ஒருத்தி சாலையைப் பார்த்து "சரி" என்று நீட்டிக் கூவினாள். அடுத்த நிரை வாங்கிக்கொண்டது. அதற்கு மேலும் ஒரு குரல். கடைசியாகப் பார்வதி அக்கா, "வா" என்றார்.

அடுத்த இரண்டு நிமிடத்தைப் பற்றி நேர்மையாக எழுதவேண்டும். முதல் முடக்கில் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவதில் நகுலனை நினைத்தேன். மூன்றாவதில் யாரையும் நினைக்கவில்லை. வண்டி சாய்ந்தபோது மலை எழுந்து வந்து எங்களோடு சாய்ந்தது. தேயிலை கோடு கோடாக ஓடியது. என்ஜின் சத்தம் என் விலா எலும்புக்குள் இருந்தது. நான்கு வருடமாக ஒவ்வொரு நிமிடமும் அடுத்து என்ன ஆகுமோ என்று வாழ்ந்த ஒருத்திக்கு, அடுத்தது என்று ஒன்றே இல்லாத இரண்டு நிமிடம். மேலே வண்டி நின்றது. பயந்துபோய்விட்டேன் என்று கவிதாவிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை.

சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. இரவு கணவர் போன் செய்தார். "சொன்னியா?" என்றார். "நேரம் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

மூன்றாம் நாள் முழுக்க மழை. கடையிலேயே இருந்தோம். பக்கத்து முஸ்லிம் பேக்கரியிலிருந்து சூடாக மீன் பனிஸ் வந்தது. மலையகப் பேச்சு எனக்கு வெளியூர்ப் பேச்சாகவே கேட்கவில்லை. கடைக்கு வந்தவர்கள் என் பெரியப்பா வீட்டில் பேசுவது மாதிரியே பேசினார்கள். நடுவில் போலீஸ்காரர் ஒருவர் பூட்டு வாங்க வந்தபோது கவிதா சட்டென்று சிங்களத்துக்கு மாறினாள். அவர் வண்டியைப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். போன பிறகு கேட்டேன். "யாரோட பைக்னு கேட்டாரு. என்னோடதுன்னேன். உங்க வீட்டுக்காரர் அனுமதிச்சாரான்னாரு. வண்டிதான் மொதல்ல கெடைச்சுது, அவரு இன்னும் வரலன்னேன்."

அவள் பெட்ரோல் டாங்கியை ஒரு துணியால் துடைத்துக்கொண்டே பேசினாள். அடுத்த ஏப்ரலில் பெயர் கொடுக்கப்போகிறாளாம். பெண்கள் அதிகம் வருவதில்லையாம். "சும்மா ஓட்டிக் காட்டணும்னு இல்ல அண்ணி. மலைல உக்காந்து பாத்தது போதும்னு தோணுது. அவ்வளவுதான்." அவள் குரலில் கெஞ்சல் இல்லை. விற்கச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. என் வாயிலிருந்து வந்தது வேறு. "நாளைக்கு மழை விட்டா, நகுலனையும் கூட்டிக்கிட்டு மேலருந்து பாக்கலாமா? நீ ஏறுறத?"

நான்தான் கேட்டேன். இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

நான்காம் நாள் வெயில் வந்தது. நானும் நகுலனும் திரீவீலரில், அதாவது ஆட்டோவில், போனோம். பாதி ஏற்றத்தில் திரீவீலர் சூடாகி, ஓரமாக ஒதுங்கி நின்றது. டிரைவர் என்ஜினுக்குத் தண்ணீர் எடுக்க, பீலி என்கிற ஊற்றுக் குழாய்க்குப் போனார். பைப் முடக்கு கண்ணுக்குத் தெரிந்ததால் நாங்கள் நடந்தோம். பார்வதி அக்கா சரிவில் பாதை காட்டி எங்களை மேலே ஏற்றினார். சாலையிலிருந்து இருபது அடி உயரம். நகுலனுக்கு இரண்டு குல்லாய். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.

"விடுங்க டீச்சரம்மா, ஓட மாட்டான். அட்டை கடிச்சாத்தான் ஓடுவான்" என்றார் பார்வதி அக்கா. பெண்கள் சிரித்தார்கள். நான் உடனே அவன் காலுறையைச் சரிபார்த்தேன்.

கீழே இரண்டு முறை ஹாரன் கேட்டது. எல்லோரும் கீழே பார்த்தார்கள். "சரி" கிளம்பியது. நிரை நிரையாக ஏறி வந்தது. பார்வதி அக்கா பக்கவாட்டில் இருந்த குறுக்குப் பாதைகளையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "வா" என்றார். என்ஜின் சத்தம் எழுந்தது.

எனக்குப் பந்தயம் தெரியாது. எங்கே பார்க்கவேண்டும் என்றும் தெரியாது. பிள்ளையோடு நிற்கும்போது நான் எப்போதும் நாலு பக்கமும் பார்ப்பேன். அது பழக்கம், நல்லதா கெட்டதா என்று தெரியாத பழக்கம். அப்படித்தான் மேலே பார்த்தேன்.

மேலேயிருந்து சின்னப் பிள்ளைகள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். முன்னால் ஒரு பெண், அவள் கையில் ஒரு பழைய சேலையின் நுனி. பிள்ளைகள் எல்லோரும் அந்தச் சேலையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்தைத் தோட்டத்தில் புள்ளக்காம்பரா என்பார்கள். அங்கிருந்து எடை பார்க்கக் கீழே டிஸ்பென்சரிக்குப் போகிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. அவர்கள் அடுத்து வரப்போவது பைப் முடக்கின் உள்பக்கம். கவிதா வெட்டி ஏறப்போவதும் அதே உள்பக்கம்.

"அக்கா, மேல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பார்வதி அக்காவின் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

அவர் முகம் மாறியதை இப்போதும் பார்க்கிறேன். "நிப்பாட்டு" என்று அவர் கத்தியது மலை முழுக்கக் கேட்டது. எல்லாப் பெண்களும் கத்தினார்கள். கவிதாவுக்கு எப்படிக் கேட்கும்? ஹெல்மெட்டுக்குள் என்ஜின் மட்டும்தான் கேட்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் முன்னால் அதைக் கேட்டுத்தான் சந்தோஷப்பட்டேன்.

கீழ் நிரையில் நின்றவள் அதிகம் யோசிக்கவில்லை. முதுகில் இருந்த கொழுந்துப் பையைத் தலையிலிருந்து கழற்றி, அப்படியே சாலைக்கு வீசினாள். காலையிலிருந்து பறித்தது முழுவதும் இருந்தது அதில். பை தாரில் விழுந்து உருண்டு, வாய் திறந்து, முடக்கு முழுக்கப் பச்சையாகப் பரவியது.

கவிதா அதைப் பார்த்துப் பிரேக் பிடித்தாள். பின்சக்கரம் ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் வழுக்கி, வண்டி நின்றது. நின்ற இடம் சாலையின் எதிர்ப்பக்கம், அவளுக்கு உரியதல்லாத பக்கம். அந்த நேரத்தில்தான் முடக்கைத் திரும்பி அந்தப் பெண்ணும் முதல் பிள்ளையும் வந்தார்கள். வண்டிக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கட்டில் போடலாம், அவ்வளவுதான் இடம்.

புள்ளக்காம்பரா ஆயாவான அந்தப் பெண் பிள்ளைகளைத் தேயிலைப் பக்கம் ஒதுக்கினாள். ஒரு பிள்ளைகூடச் சேலையை விடவில்லை. ஒரு சின்னப் பையன் வண்டியைப் பார்த்து வாய் பிளந்து சிரித்தான். கவிதா வண்டியைச் சாய்த்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, தாரில் மண்டியிட்டுக் கொழுந்தைக் கைகளால் அள்ளிப் பையில் போட ஆரம்பித்தாள். மண்ணும் கல்லும் சேர்ந்து வந்தன. அந்தக் கொழுந்தை ஆலையில் எடுக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் அள்ளினாள்.

நாங்கள் இறங்கிப் போனோம். நகுலன் "அம்மா, கை வலிக்குது" என்றான். பார்த்தால் அவன் மணிக்கட்டில் என் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

பையை வீசியவள் கவிதாவிடமிருந்து பையை வாங்கி, உதறி, கீழே போட்டாள். "விடு. போகட்டும்" என்றாள். பார்வதி அக்கா அவளை ஒரு முறை பார்த்துவிட்டுக் கவிதா பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"நாங்க மேல பாக்கல" என்றார். "ஒருநாளும் பாத்ததில்ல. பந்தயத்தன்னிக்கு மேலருந்து யாரும் எறங்க மாட்டாங்க, அங்கயும் கேட்டு போட்டு அடைச்சுருவாங்க. லாரி எறங்குனா சத்தம் கேக்கும். புள்ளைங்க நடந்தா என்னா சத்தம் கேக்கும்?" சேலையைப் பிடித்து நின்ற பிள்ளைகள் பக்கம் கையைக் காட்டினார். "அதுல என் அக்கா பேத்தியும் நிக்குது. எங்க வாயால வான்னு சொல்லி ஒரு உசுரு போயிருக்கும். இனிமே கூப்புட மாட்டோம் கவிதா. கோவிச்சுக்காத."

கவிதா, "உங்க மேல தப்பு இல்லக்கா. நானும் இது ஏறுறதுக்கு மட்டும் உள்ள ரோடுன்னே நெனச்சுப் பழகிட்டேன்" என்றாள்.

"மெதுவா வா, எப்பவும் வா. பிளேன்டீ குடிச்சிட்டுப் போ. மெதுவா வந்தா யாரும் கூப்புடத் தேவையில்ல."

நான் பேசவேண்டும் என்று தோன்றியது. "நான்தான் ஏறச் சொன்னேன் அக்கா. புள்ளைக்குக் காட்டணும்னு" என்றேன். பார்வதி அக்கா என்னைப் பார்த்தார். "நீங்கதான் மேலயும் பாத்தீங்க" என்றார். அது மன்னிப்பா, வெறும் கணக்கா என்று தெரியவில்லை. பெண்கள் நிரைக்குத் திரும்பினார்கள். பையை வீசியவள் வெறும் பையை மறுபடி தலையில் மாட்டிக்கொண்டு முதல் செடியிலிருந்து ஆரம்பித்தாள்.

ஹட்டன் வரும்வரை கவிதா எங்கள் திரீவீலருக்குப் பின்னால் வந்தாள். கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு பஸ்ஸையும் முந்தவில்லை.

மறுநாள் ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். நகுலன் அத்தையின் மடியில் தூங்கிவிட்டான். கவிதா, "அண்ணன் எதுக்கு அனுப்புச்சுன்னு வந்தன்னிக்கே தெரியும் அண்ணி" என்றாள். "இப்ப நீங்க சொன்னா வித்துருவேன். நேத்துக்கு அப்பறம் எனக்கு வாதாட ஒண்ணும் இல்ல."

'வித்துரு' என்பதுதான் நான்கு நாளாக என்னிடம் இருந்த வாக்கியம். ஒரு சொல் போதும், கடமை முடியும். நேற்று ஏறச் சொன்னவளே இன்று விற்கச் சொன்னால், என் தப்பை அவள் வண்டியின் மேல் ஏற்றிவிட்டு ஊர் போய்விடலாம். அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளையும் நினைத்தேன். சேலையையும். சொல்லியிருப்பதுதான் சரியோ என்று இதை எழுதும்போதும் தோன்றுகிறது.

"ஏப்ரல்ல ரெண்டு பக்கமும் அடைச்ச பிறகு ஏறு. அதுவரைக்கும் அந்த ரோட்டுல வேகமா போகாத" என்றேன்.

"அத பார்வதி அக்கா சொல்லிட்டாங்க."

"நானும் சொல்றேன்."

அவள் தலையாட்டினாள். ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. பிளாட்பாரத்தின் ஓரத்துக்குப் போய்க் கணவருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நான் பின்னால் உட்கார்ந்து போனது. பிடித்திருந்தது. நானே ஏறச் சொன்னது. பிள்ளைகள் வந்தது. நடுவில் அவர் எதுவும் கேட்கவில்லை.

பிறகு, "எந்த முடக்கு?" என்றார்.

"பைப் முடக்கு."

"அங்கதான் நான் நிப்பேன்" என்றார். "எட்டு வருசம். எனக்குத்தான் கொரல் பெருசுன்னு அங்க நிப்பாட்டுவாங்க. நான்தான் 'வா' சொல்லுவேன்." மூச்சு விடுவது கேட்டது. "பந்தயம் இல்லாத நாள்லயும் சொல்லியிருக்கேன். அப்பாவோட பழைய வண்டிய எடுத்துட்டு வந்து, கூட்டாளிங்களோட மாத்தி மாத்தி ஏறுவோம். ஒருநாளும் மேல பாத்ததில்ல."

நகுலனை மடியில் வைத்திருந்த கவிதாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"விக்கச் சொன்னியா?" என்றார் கடைசியில்.

"இல்ல."

"கவிதாகிட்ட குடு. நான் பேசுறேன்."

போனை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தேன். நகுலனை என் தோளுக்கு மாற்றிக்கொண்டேன். அவள் "சொல்லுங்கண்ணே" என்றாள். பிறகு எழுந்து, முதுகைக் காட்டி நின்று, வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.